காவலைக் கலைப்பவர் யார்?

முடிசூடிய மன்னன் ஒருவனின் பெயரைச் சுமந்து நிற்கும் ஊர் எங்கள் ஊர். பட்டாபிராம்! சொல்லிப் பாருங்கள், தோழரே! பெயருக்குள்ளேயே ஒரு பட்டாபிஷேகம் நடந்து முடிந்துவிடுகிறது. கிழக்கே ஆவடி. அங்கே 1961-இல் எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-இல் 'விஜயந்தா' டாங்கி உருண்டு வெளிவந்த இடம். அப்பால் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினரின் குடியிருப்பு, பயிற்சித் திடல். ஊருக்குள்ளேயோ இராணுவக் கிடங்குகளுக்கென்று பிரிந்து செல்லும் இருப்புப்பாதை. சென்னையிலிருந்து வரும் மின்சார வண்டியின் நெற்றியிலே 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று எழுதியிருக்கும். அரசு என்னும் பேருருவின் கை எது, கால் எது, நகம் எது என்று சிறுபிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால், எங்கள் ஊரைச் சுற்றி ஒரு காலைப்பொழுது நடத்திக் காட்டினால் போதும்.

அத்தகைய ஊரிலேதான், அரசே இல்லாத உலகைப் பற்றி இரவெல்லாம் பேசிக் கிடந்தோம், நானும் என் நண்பனும். அவன் 2024-இல் மறைந்தான். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவனே சினந்திருப்பான்.

இப்போது ஏன் இந்தப் பழங்கதை? 2025 மே 21 அன்று, சத்தீஸ்கர் காட்டிலே, மாவோயிஸ்டுக் கட்சியின் பொதுச்செயலாளர் நம்பாலா கேசவராவ் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி வந்த மறுநாள், எங்கள் தெருவிலே கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா! அவர்கள் தோற்றார்கள், சரி. வென்றிருந்தால்? துப்பாக்கியாலே அரசைக் கவிழ்த்து, பிறகு அரசே தேவைப்படாத சமுதாயத்தைக் கண்டிருப்பார்களா?" என்று கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை, கண்களிலே கலக்கம் இருந்தது. அவருக்கு அன்று நான் முழுமையாக விடையளிக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் படிப்பகம் தண்டுரைப் பக்கம் இருந்த ஒரு கீற்றுக் கொட்டகை. இரண்டு பெஞ்சு, ஓர் அரிக்கேன் விளக்கு, நாலைந்து ஏடுகள், ஒரு பலகை நிறைய நூல்கள். பெரியாரின் 'இனிவரும் உலகம்' இருந்தது. மன்னனும் நாணயமும் மறைந்துபோன வருங்காலத்தை, அறிவியலின் வளர்ச்சி கொண்டு அவர் கண்ட நூல். லெனினின் 'அரசும் புரட்சியும்' இருந்தது. முதலில் அட்டை கிழிந்தது அதுதான். என் நண்பனின் கைபட்டே கிழிந்தது.

அவன் தந்தையும் என் தந்தையும் மூட்டை தூக்கியவர்கள். இருவர் தோளிலும் ஒரே இடத்திலே காய்ப்பு. "இந்தக் காய்ப்பு இருக்கிறதே, இதுதான் அரசு நம் வீட்டுக்கு எழுதிய கடிதம்" என்பான் அவன். 1955 ஜனவரியிலே ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றியது அல்லவா? அந்தத் திடலைக் கடக்கும்போதெல்லாம் சிரிப்பான். "தீர்மானம் போட்டார்கள், திடலையும் பெருக்கிவிட்டுப் போனார்கள். அலுவலகம் பெருகிற்று, ஆணை பெருகிற்று, அப்பன் முதுகிலே மூட்டை மட்டும் குறையவில்லை!" என்பான்.

அவன் வாதத்தை நான் எளிதாகத் தள்ளியதில்லை. தள்ளவும் முடியாது. ஏனெனில் அவன் கையிலே வெண்மணி இருந்தது.

1968 டிசம்பர் 25. கூலியாக இன்னும் அரைப்படி நெல் வேண்டும் என்று கேட்ட உழவுத் தொழிலாளரின் சேரி. ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய நாற்பத்து நான்கு உயிர்கள்—பெண்களும் குழந்தைகளும் முதியோருமே மிகுதி—எரிந்து கரியாயினர். அந்நாளில் கோட்டையில் இருந்தது நம் ஆட்சி. அறிஞர் அண்ணா முதலமைச்சர். இதை விழுங்கிவிட்டு எழுதுவது நமக்கு அழகன்று. கீழ் நீதிமன்றம் மிராசுதார்களுக்குத் தண்டனை தந்தது. உயர்நீதிமன்றமோ, கார் வைத்திருக்கும் செல்வர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப இயலவில்லை என்னும் பொருள்பட எழுதி விடுதலை செய்தது.

"வன்முறை வேண்டாம் என்கிறாய். வன்முறை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறதப்பா! அது நெல்லளக்கும் மரக்காலுக்குள் இருக்கிறது. நீதிபதியின் பேனாவுக்குள் இருக்கிறது. நாம் தொடங்குவதாக ஏன் நினைக்கிறாய்?" என்று கேட்டான். 1969-இலே கீழைத் தஞ்சை உழவுத் தொழிலாளர்க்கு நியாயக் கூலிச் சட்டம் வந்ததே என்றேன். "நாற்பத்து நான்கு பிணங்களைப் படிக்கட்டாக அடுக்கினால்தான் உன் சட்டம் இறங்கி வருமா?" என்றான். வாய் மூடிக்கொண்டேன். இன்று கேட்டாலும் மூடிக்கொள்ளத்தான் செய்வேன்.

1980-இன் தொடக்கத்திலே ஒருநாள் படிப்பகத்துச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனான். திருப்பத்தூர்ப் பக்கம் போயிருக்கிறான் என்று பின்னால் அறிந்தேன். அக்காலத்தில் வட ஆர்க்காடு, தருமபுரி மாவட்டங்களிலே நக்சல்பாரி இளைஞர்கள் வேரூன்றி வேலை செய்துகொண்டிருந்தனர். கந்துவட்டிக்காரரை எதிர்த்தனர், தேநீர்க் கடையிலே தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குவளை வைக்கும் கொடுமையை எதிர்த்தனர். ஊரே திரண்டு ஒரு தனிக்குவளையை உடைத்ததை அவன் தன் கண்ணால் கண்டிருக்கிறான். அதைச் சொல்லும்போது கடைசிவரை அவன் முகம் ஒளிவிட்டது. "அன்று ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லை" என்பதையும் அவனே சேர்த்துச் சொல்வான்.

ஆறு திங்களுக்குப் பின் ஓர் இரவு திரும்பி வந்தான். மெலிந்திருந்தான். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் சைடிங் ஓரம் நடந்தபோது சொன்னான்.

மலையடிவாரச் சிற்றூர். ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர். காவல் நிலையத்துப் பக்கம் அவரைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். காட்டிக்கொடுப்பவரா, இல்லையா? விசாரிக்க வேண்டும். விடியும்வரை அவரைப் பாழடைந்த பம்புசெட் கொட்டகையிலே தூணோடு கட்டிவைப்பது என்று முடிவாயிற்று. காவலுக்கு என் நண்பன். கையிலே ஒரு நாட்டுத் துப்பாக்கி.

முதியவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தான். நள்ளிரவிலே வெளியே போக வேண்டும், கட்டை அவிழ்த்துவிடு என்றார். கட்டை அவிழ்க்க இவனுக்கு அதிகாரம் இல்லை. "கேட்டு வந்துதான் சொல்ல வேண்டும்" என்றான். சொன்ன சொல் அவன் காதிலேயே சுட்டதாம். எந்த அலுவலகத்துச் சன்னலிலே நின்றாலும் நம் தந்தையர் கேட்ட சொல் அல்லவா அது? மேலிடத்தைக் கேட்க வேண்டும்!

இருட்டிலே அந்த முதியவர் இவனைச் 'சாமி' என்று அழைத்தார். "சாமி என்று சொல்லாதே பெரியவரே, தோழர் என்று சொல்" என்றான் இவன். "சரிங்க சாமி" என்றார் அவர்.

விடிந்தது. முதியவர் புளி விற்கச் சந்தைக்குப் போனவர்தான் என்பதற்கு இருவர் சாட்சி சொன்னார்கள். கட்டவிழ்த்தார்கள். அடிக்கவில்லை, வையவில்லை, தலைவராக இருந்தவர் தம் பங்குக் களியை அவருக்குக் கொடுத்தாராம். கிழவரோ, கைகூப்பியபடி, முதுகு காட்டாமல், பின்னுக்குப் பின்னாக நடந்து, வேலி தாண்டிய பிறகுதான் திரும்பி ஓடினார். பண்ணையார் வீட்டு வாசலிலிருந்து எப்படிப் போவாரோ அப்படி!

"அந்த ஓர் இரவு முழுதும் நான்தான் அரசு" என்றான் நண்பன். "சிறை இருந்தது, காவல் இருந்தது, ஒற்றர் இருந்தனர், விசாரணை இருந்தது, மேலிடம் இருந்தது. கோட்டையும் கொடியும்தான் இல்லை. தலைவரிடம் கேட்டேன்: இந்தக் காவலை எந்த நாளில் கலைப்போம், யார் கலைப்பார் என்று. நல்ல மனிதர் அவர், பொய் சொல்லவில்லை. 'வெற்றிக்குப் பிறகு, தோழர். எந்த நாள் என்று எனக்குத் தெரியாது' என்றார்."

அவன் திரும்பிய சில வாரங்களில், 1980 ஆகஸ்ட்டிலே, திருப்பத்தூர் அருகே குண்டு வெடித்துக் காவல் ஆய்வாளர் உள்ளிட்டோர் மாண்டனர். பின்னர் வேட்டை. எம்.ஜி.ஆர். ஆட்சியிலே, வால்டர் தேவாரம் தலைமையிலே, 'மோதல்' என்னும் ஒற்றைச் சொல்லின் கீழ் இளைஞர் பலர் பிணமாயினர். அவனோடு உண்டு உறங்கியவர் அவர்களுள் இருந்தனர். திரும்பி வந்ததனால் பிழைத்தான். கோழை என்றார்கள் சிலர். மறுத்துப் பேசியதில்லை அவன். அவ்வாண்டு டிசம்பரிலே, வெண்மணி வழக்கில் விடுதலை பெற்ற கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார் என்று செய்தி வந்தபோது, ஏட்டை மடித்து என் மடியிலே வைத்துவிட்டு நீண்ட நேரம் சும்மா இருந்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அவன்தான் சொன்னான்: "ஒரு மிராசுதார் செத்தார். மரக்கால் அங்கேயே இருக்கிறதே!"

மலையடிவாரத்திலே ஓர் இரவில் அவன் கண்டதை, அவனுக்கு அறுபது ஆண்டு முன்பே, தாஷ்கண்டிலே கண்ட தமிழர் ஒருவர் உண்டு. எம்.பி.டி. ஆச்சாரியா. 1887-இல் சென்னையிலே பிறந்தவர். பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' ஏட்டை நடத்திய மண்டயம் குடும்பத்தவர். ஆயுதம் ஏந்தியே வெள்ளையரை விரட்ட வேண்டும் என்று இலண்டன், பெர்லின், காபூல் என்று அலைந்தவர். 1919-இலே லெனினைச் சந்தித்த இந்தியர் குழுவிலே இருந்தவர். 1920 அக்டோபரில் தாஷ்கண்டிலே இந்தியப் பொதுவுடைமைக் கட்சி தோன்றியபோது தலைமைப் பொறுப்பு அவருக்கு. நான்கு திங்கள்கூட நிலைக்கவில்லை. எம்.என். ராய் அணியினரோடு முரண்பாடு. 1921 தொடக்கத்திலேயே நீக்கப்பட்டார். 1922-இல் பெர்லின் சேர்ந்தார். அன்று முதல், 1954 மார்ச்சில் பம்பாயிலே வறுமையில் மறையும்வரை, எந்த அரசும் வேண்டாம், பாட்டாளியின் பெயரால் வரும் அரசும் வேண்டாம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஐயங்கார் என்பதால் நம்மவர் அவரைப் படிக்கவில்லை. விலகியவர் என்பதால் பொதுவுடைமைத் தோழர்கள் படிக்கவில்லை போலும். பட்டாபிராமிலிருந்து ஒரு மணி நேர இரயில் பயணத்தில் இருக்கும் நகரத்தில் பிறந்தவரை, நானே அறுபது வயதுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

அவர் அங்கே கண்டது என்ன? நாள்களை வரிசையிலே வைத்துப் பாருங்கள், தோழரே. 1917 ஆகஸ்ட், செப்டம்பரிலே, தலைமறைவாக இருந்தபடி, லெனின் அந்த நூலை எழுதுகிறார்: நிலையான படையும் தனிப் போலீசும் ஒழியும், மக்களே ஆயுதம் தாங்குவர், பின்னர் அரசு மெல்ல உலர்ந்து உதிரும். நவம்பரிலே ஆட்சி அவர் கைக்கு வருகிறது. டிசம்பர் 20-இலே 'செகா' என்னும் இரகசியப் போலீசு பிறக்கிறது! நூல் அச்சேறியதோ 1918-இல். புத்தகம் கடைக்கு வருமுன் போலீசு தெருவுக்கு வந்துவிட்டது. 1921 மார்ச்சிலே, கிரான்ஸ்டாட் மாலுமிகள்—1917-இன் முன்னணி வீரர்கள்—சோவியத்துகளுக்கு இரகசிய வாக்கெடுப்பில் புதிதாகத் தேர்தல் நடத்துங்கள் என்று கேட்டனர். உறைந்த கடலின்மீது நடந்து சென்று செம்படை அவர்களை ஒடுக்கியது.

லெனின் வஞ்சகர் என்று சொல்ல நான் வரவில்லை. எளிதான விடை அது. வெள்ளைப் படை ஒருபுறம், அயல்நாட்டுப் படைகள் மறுபுறம், பசி நடுவிலே. காவல் போடாமல் இருக்க முடியுமா? போட்டார். போட்ட காவலுக்கு உணவு வேண்டும். உணவைத் திரட்ட ஆள் வேண்டும். ஆள் ஒளிக்கிறானா என்று பார்க்க ஒற்றன் வேண்டும். ஒற்றனைப் பார்க்க இன்னோர் ஒற்றன். துப்பாக்கியாலே வந்த ஆட்சிக்குத் துப்பாக்கி வைத்திருப்பவன் ஒவ்வொருவனும் பகைவனாகத் தோன்றுவான். எப்படி வரலாம் என்பதைத்தான் தானே வந்து காட்டிவிட்டதே! பகைவர் ஒழியும்வரை காவல் என்பது ஏற்பாடு. காவல் இருக்கும்வரை பகைவரைக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பது காவலின் பிழைப்பு. உலர்ந்து உதிர்வது எப்போது? உதிரத்தான் செய்தது, 1991 டிசம்பரிலே. ஒன்று உதிர்ந்து பதினைந்து அரசுகளாய் முளைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஓர் எல்லைச் சாவடி.

நாணயத்தையும் ஒரே அடியாக ஒழித்துக் காட்டினர் கம்போடியாவிலே. 1975 ஏப்ரலில் தலைநகரையே காலி செய்து மக்களை வயலுக்கு ஓட்டினர். மைய வங்கியை வெடிவைத்துத் தகர்த்தனர். பணமில்லாத நாடு வந்தது; 1979 ஜனவரி வருமுன் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நேபாளத்திலே 1996 முதல் பத்தாண்டு போர் நடத்திய மாவோயிஸ்டுத் தலைவர் பிரசண்டா 2008-இலே பிரதமர் ஆனார். இலங்கையிலே 1971-இலும், பின்னர் 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதம் தூக்கிய மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க, 2024 செப்டம்பரிலே வாக்குச்சீட்டால் நாட்டின் தலைவரானார். இரண்டிடத்திலும் நாற்காலி அப்படியே இருக்கிறது. நாற்காலிக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டதிலே அறிவு இருக்கிறது, பாராட்டுகிறேன். ஆயினும் நாற்காலியை உடைக்கப் புறப்பட்டவர்கள்தாம் அவர்கள் என்பதை மறக்க இயலவில்லை.

ஒரே ஒரு காட்சி மட்டும் என் கணக்குக்கு அடங்காமல் நிற்கிறது. 1987 செப்டம்பர் 1, பொன்பரப்பி. புரட்சிக்குப் பணம் வேண்டி வங்கியைக் கொள்ளையடித்த தமிழரசனும் தோழர்களும், கொள்ளையர் என்று கருதிய கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டனர். கூட்டத்திலே மாறுவேடப் போலீசார் இருந்தனர் என்போரும் உண்டு. கையிலே ஆயுதம் இருந்தும் மக்கள்மீது அவர்கள் சுடவில்லை என்றே அப்பக்கத்தார் இன்றும் சொல்கின்றனர். சுட்டிருந்தால் பிழைத்திருப்பர். ஆட்சியைப் பிடிக்கும் படைக்கு ஆகாத குணம் அது! அரசில்லாத ஊருக்குத் தேவையான குணமோ அதுவே. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. முன்னதற்காகப் போனவர், பின்னதனால் மாண்டார். இதைப் பற்றி நானும் என் நண்பனும் பேசிப் பேசிப் பார்த்தோம்; முடிவு கண்டதில்லை.

இளைஞரே, உமக்கு என் விடை இதுதான்: வராது. துப்பாக்கி கொண்டு அரசைக் கவிழ்க்கலாம். கவிழ்த்த கையே அரசாகிவிடும். குடிகளிடம் செங்கோலோடு நின்று பொருள் கேட்கும் மன்னனை வழிப்பறிக் கள்வனுக்கு நிகராக வைத்தாரே வள்ளுவர், அவர்கூட அரசு இல்லாத நாட்டுக்கு ஓர் அதிகாரம் எழுதி வைக்கவில்லை. அப்படியானால் அந்தக் கனவே பொய்யா என்று கேட்பீர். அதற்கு என்னிடம் நூல் இல்லை. ஐந்து நாள் நிகழ்ச்சி ஒன்றுதான் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, உதவி என்று எவரும் எட்டிப் பார்க்குமுன் இரண்டு நாள் ஓடிவிட்டது. தெரு முனையிலிருந்த கலியாண மண்டபத்தின் மாடியிலே உலை வைத்தோம். அவரவர் வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, விறகு. எந்தச் சாதியார் வடித்த சோறு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆணையிட்டவரும் இல்லை. நான் வியந்து நின்றேன். மூன்றாம் நாள் வந்தது சண்டை. பால் பாக்கெட்டுகள் குறைந்தன. ஒரு தெருவார் மிகுதியாக எடுத்துவிட்டனர் என்றனர் மற்றவர். சரக்கறைக்குப் பூட்டு வேண்டும், வாசலிலே ஆள் வேண்டும், எடுத்தவரைப் பிடித்து விசாரிக்க வேண்டும் என்று குரல் உயர்ந்தது. எல்லோரும் நோயால் மெலிந்து மூலையிலே அமர்ந்திருந்த என் நண்பனைப் பார்த்தனர்.

"பூட்டு போடலாம். விசாரணை வேண்டாம்" என்றான். பக்கத்து மளிகைக் கடைக்காரர் தம் பூட்டைத் தந்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சணல் கயிற்றால் கதவிலே தொங்கவிட்டான். எடுப்பவர் எழுத வேண்டும், யாரும் படித்துப் பார்க்கலாம். சாவி பொழுது சாயும்போது கை மாறும். இன்று வைத்திருந்தவர் மறுமுறை வைத்திருக்கலாகாது. முதல்நாள் சாவியை, மிகுதியாக எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தெருவைச் சேர்ந்த ஓர் அம்மையாரிடம் கொடுத்தான். முணுமுணுத்தனர். ஆனால் அவ்விரவு ஒரு பாக்கெட்டும் குறையவில்லை.

ஐந்தாம் நாள் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது, விளக்கும் எரிந்தது. ஆர்வம் மிக்க தம்பிகள் சிலர், "இந்தக் குழுவை அப்படியே நிலையாக வைத்துக்கொள்வோம் ஐயா! ஒரு பெயர், ஒரு ரப்பர் முத்திரை, தலைவராக நீங்களே!" என்றனர். நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். அவன் பதில் சொல்லாமல் எழுந்து, யாரிடம் சாவி இருக்கிறது என்று கேட்டு வாங்கி, பூட்டைக் கழற்றித் தோளிலிருந்த துண்டாலே துடைத்தான். நான் குடை பிடிக்க, சேற்றிலே மெல்ல நடந்து மளிகைக் கடைக்குப் போனோம். பூட்டையும் சாவியையும் பலகைமேல் வைத்து, "உம்முடையது. திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளும்" என்றான்.